போர் விமானத்துக்கு எக்ஸ்டர்னல் யார்?

பிராக்டிகல் பரீட்சை என்றதும் நமக்கெல்லாம் முதலில் யார் ஞாபகம் வரும்? எக்ஸ்டர்னல்தான்! நம்ம லேப் சார் எத்தனை முறை ரெக்கார்டு நோட்டைத் திருத்திக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், வேறு காலேஜிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து, "தம்பி, இந்த ரீடிங் நீயே எடுத்ததா?" என்று கேட்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் அவருக்கு நம்மையும் தெரியாது, நம்ம சாரையும் தெரியாது. நம் காலேஜ் ரிசல்ட் எத்தனை சதவீதம் வந்தால் அவருக்கென்ன?

இந்த எக்ஸ்டர்னல் சமாச்சாரத்தை வைத்தே ஒரு பெரிய விஷயத்தை விளக்க முயல்கிறேன். ராணுவ விமானம் பத்திரமாகப் பறக்கிறதா என்று பார்ப்பது யார்? விழுந்தால் விசாரிப்பது யார்? பறக்கும் படையே பரீட்சையும் வைத்து, பேப்பரும் திருத்தினால் மார்க்கை எப்படி நம்புவது?

'பாகாயத்துக்கும் விமானப்படைக்கும் என்னப்பா சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் அரக்கோணம். அங்கே ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் உள்ளது. 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். 2019-இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகப் பிரியும் வரை அது நம்ம வேலூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓடுபாதை. சோவியத் நாட்டிலிருந்து வாங்கிய டியு-142 என்ற ராட்சத ரோந்து விமானங்கள் அங்கேதான் நின்றன. நான்கு எஞ்சின், ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்! 1988 முதல் 2017 மார்ச் 29-இல் ஓய்வு பெறும் வரை 29 வருஷம், விபத்து என்ற ஒன்று இல்லாமல் பறந்துவிட்டுப் போயின. இப்போது அமெரிக்கத் தயாரிப்பான பி-8ஐ விமானங்கள் 2013 முதல் அங்கே இருக்கின்றன. கடற்படை ஹெலிகாப்டர் விமானிகளின் பயிற்சிப் பள்ளியும் அங்கேயே. அதே ராஜாளியிலிருந்து இயங்கிய, வாடகைக்கு எடுத்த ஆளில்லா விமானம் ஒன்று, 2024 செப்டம்பர் 18 அன்று தொழில்நுட்பக் கோளாறால் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. ஆக, வெற்றியும் கோளாறும் நம் வாசலிலேயே இருக்கின்றன.

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்த நாள் 2021 டிசம்பர் 8. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் துணைவியாரும் மற்றவர்களும் சென்ற எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர், சூலூரிலிருந்து காலை 11.48-க்குக் கிளம்பியது. 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பச் சத்திரம் என்ற சிற்றூரின் ஓரம் மரங்களில் மோதி எரிந்தது. முதலில் ஓடிப்போய் உதவியவர்கள் அந்த ஊர் மக்கள்தான். 14 பேரில் உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் காலமானார். அதற்கு முந்தைய வருஷம்தான், நடுவானில் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதான தேஜஸ் போர் விமானத்தைக் கைவிடாமல் கீழே கொண்டுவந்து இறக்கியவர் அவர். எங்கள் வீட்டு டி.வி.யில் அன்று முழுக்க இதே செய்திதான். எங்கப்பா ஒரு கேள்வி கேட்டார்: "இதை யாருடா விசாரிப்பாங்க? அவங்களே அவங்களை விசாரிச்சுக்குவாங்களா?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

பயணிகள் விமானம் என்றால் கணக்கு சுலபம். பறப்பது ஒரு கம்பெனி. விதி போடுவதும் லைசென்ஸ் தருவதும் டி.ஜி.சி.ஏ. விபத்து நடந்தால் விசாரிக்க விமான விபத்து விசாரணைப் பணியகம் என்று வேறொரு அலுவலகம். மூன்றும் மூன்று கட்டடம். ராணுவ விமானம் இந்த வட்டத்துக்குள் வராது. விமானத்தின் சொந்தக்காரர், ஓட்டுபவர், பழுது பார்ப்பவர், பரீட்சை வைப்பவர், விபத்தை விசாரிப்பவர் எல்லாருமே சீருடை போட்டவர்கள்தான். ரகசியம், போர்க்கால அவசரம் என்று அதற்குக் காரணங்களும் உண்டு. ஆகவே படைகள் தங்களுக்குள்ளேயே ஒரு எக்ஸ்டர்னலை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விமானப்படையில் அதை எப்படிச் செய்திருக்கிறார்கள்? கீழேயிருந்து பார்ப்போம். ஒவ்வொரு தளத்திலும் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் உண்டு. பெரிய விபத்து மட்டுமல்ல, 'நூலிழையில் தப்பியது' வகைச் சம்பவங்களையும் எழுத்தில் வாங்கி மேலே அனுப்புவது அவர் வேலை. விமானிகளின் திறமையைச் சோதிக்கத் தனித் தேர்வு வாரியம் இருக்கிறது. அது ஸ்குவாட்ரன் ஸ்குவாட்ரனாகப் போய்ப் பரீட்சை வைத்துத் தரம் பிரிக்கும். எவ்வளவு சீனியராக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும், அரியர் வைக்க முடியாது! தளங்களையே சோதிக்கும் ஆய்வுக் குழுக்களும் உண்டு. இதற்கெல்லாம் தலைவராக டெல்லித் தலைமையகத்தில் ஏர் மார்ஷல் அந்தஸ்தில் ஓர் அதிகாரி இருக்கிறார். ஆய்வும் பாதுகாப்பும் அவர் பொறுப்பு. முக்கியமான பாயிண்ட் என்னவென்றால், 'இத்தனை மணி நேரம் பறந்தே தீர வேண்டும்' என்று உத்தரவு போடும் வரிசை வேறு, 'பத்திரமாகப் பறந்தாயா' என்று கேட்கும் வரிசை வேறு. நம்ம ஊர்த் தொழிற்சாலைகளிலும் புரொடக்‌ஷன் மேனேஜரையே குவாலிட்டிக்கும் பொறுப்பாக்கினால் என்ன ஆகும் என்று இன்ப்ளாண்ட் டிரெயினிங் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

விமானத்தின் டிசைனையும் தயாரிப்பையும் பார்ப்பது இன்னொரு கூட்டம். பெங்களூரில் செமிலாக் என்ற மையம் இருக்கிறது. ராணுவத்துக்கான விமானமோ, அதன் முக்கிய பாகமோ பறக்கத் தகுதியானதுதான் என்று சான்று தருவது அதன் வேலை. தயாரிப்பின் தரத்தை டி.ஜி.ஏ.க்யூ.ஏ. என்ற அமைப்பு பார்க்கிறது. எச்.ஏ.எல். தொழிற்சாலையில் பாகம் வெளியே வரும்போது பக்கத்திலேயே நின்று சோதிப்பவர்கள் இவர்கள்தான்.

இது வெறும் முத்திரை குத்தும் வேலையா? நம் நாட்டுத் தயாரிப்பான துருவ் ஹெலிகாப்டரின் கதையைப் பாருங்கள். 2023-இல் அடுத்தடுத்து விபத்துகள் நடந்தபோது பறப்பதை நிறுத்தி ஆராய்ந்தார்கள். கட்டுப்பாட்டு ராடுகள் அலுமினியத்திலிருந்து எஃகுக்கு மாற்றப்பட்டன. மெட்டீரியல் சயின்ஸ் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துபோன விஷயம், அங்கே உயிர்ப் பிரச்சினை! பிறகு 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தார்கள். உடனே முப்படைகளிலும் காவல்படையிலுமாக சுமார் 330 துருவ்களும் தரையில் நிறுத்தப்பட்டன. இறக்கைகளின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ்பிளேட் என்ற அமைப்பில் முறிவு இருந்தது தெரியவந்தது. ஒரு ஹெலிகாப்டர் விழுந்ததற்காக மொத்தக் கூட்டத்தையும் மாதக்கணக்கில் நிறுத்துவது சாதாரண முடிவல்ல. மலை உச்சிகளில் இருக்கும் ஜவான்களுக்குச் சாமான் கொண்டு போவதும் அதே ஹெலிகாப்டர்தானே!

இனி எங்கப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ராணுவ விமானம் விழுந்தால் 'கோர்ட் ஆஃப் இன்கொயரி' அமைப்பார்கள். பெயரில்தான் கோர்ட், தண்டனை தரும் நீதிமன்றம் அல்ல. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்கும் குழு. குன்னூர் விபத்துக்கு ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை அதிகாரிகளைச் சேர்த்து அமைத்தார்கள். அவர் அப்போது பெங்களூரில் பயிற்சிப் பிரிவின் தலைவர், தாமே ஹெலிகாப்டர் விமானி. விழுந்த ஹெலிகாப்டர் அவர் பிரிவைச் சேர்ந்ததல்ல. அதாவது எக்ஸ்டர்னல்! கறுப்புப் பெட்டிகளை ஆராய்ந்து, சாட்சிகளைக் கேட்டு, 2022 ஜனவரியில் முதல்கட்ட முடிவு சொன்னார்கள். இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியம் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்ததால் விமானிக்குத் திசை உணர்வு தடுமாறி, நல்ல நிலையில் இருந்த இயந்திரம் மலையில் மோதிவிட்டது என்பதே முடிவு.

இந்தத் திசைத் தடுமாற்றம் என்பது பயந்து போவதோ மயக்கமோ இல்லை. நம் உடம்புக்கு 'எது மேலே, எது கீழே' என்று சொல்வது கண்ணும் காதுக்குள் இருக்கும் திரவமும்தான். சுற்றிலும் வெள்ளை மேகம் சூழ்ந்தால் கண் வேலை செய்யாது. மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் காதும் ஏமாந்துவிடும். சாய்ந்து போகும்போதே நேராகப் போவது போலத் தோன்றும். எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் உடம்பு இதே உடம்புதான். அப்போது மீட்டரை நம்ப வேண்டும், மனசை நம்பக் கூடாது.

2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கை வெளியானது. 2017 முதல் 2022 வரையிலான திட்டக் காலத்தில் விமானப்படைக்கு 34 விபத்துகள் என்று அதில் இருந்தது. அந்தப் பட்டியலில் குன்னூர் விபத்துக்கு எதிரே காரணம் 'மனிதத் தவறு' என்று போட்டிருந்தார்கள். இது எனக்கு உறுத்துகிறது. விமானப்படை சொன்னதும் இதுவும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'மனிதத் தவறு' என்ற இரண்டு வார்த்தையோடு ஃபைலை மூடிவிட்டால் அடுத்த கேள்வி கேட்க ஆளில்லாமல் போய்விடும். அந்தத் தவறு ஏன் நடந்தது? அந்த மனிதருக்கு என்ன பயிற்சி, என்ன கருவி, என்ன வானிலைத் தகவல் தரப்பட்டது?

இப்படிக் கேட்காமல் விட்டதற்கு நாம் கொடுத்த விலை மிக்-21. 2012-இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். அதுவரை வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்தில் போய்விட்டன. இறந்த விமானிகள் 171 பேர், பொதுமக்கள் 39 பேர். பாதிக்கு மேல் போய்விட்டது! ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனி விசாரணை நடந்திருக்கும். பலவற்றில் 'விமானியின் தவறு' என்றே வந்திருக்கும். ஆனால் 1982-இல் ஏர் மார்ஷல் லா ஃபான்டெய்ன் தலைமையில் அமைந்த குழு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்திலிருந்து இளம் விமானி நேராக மிக்-21-க்குத் தாவுகிறான், இடையில் ஒரு படி இல்லை என்று கண்டது. டி.வி.எஸ். 50 ஓட்டிப் பழகியவனை மறுநாளே லாரியில் உட்கார வைப்பது மாதிரி. நடுவே ஒரு உயர்தர ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. 1997-இல் நம்ம ராமேஸ்வரம் அப்துல் கலாம் தலைமையிலும் போர் விமான விபத்துகளை ஆராய ஒரு குழு அறிக்கை தந்தது. விமானியாக ஆசைப்பட்டு, தேர்வில் ஒன்பதாவது ஆளாக வந்து ஒரே இடத்தில் வாய்ப்பை இழந்தவர் கலாம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஹாக் பயிற்சி விமானம் வாங்க ஒப்பந்தம் போட்டது 2004-இல். படையில் சேர்ந்தது 2008-இல். 1982-க்கும் 2008-க்கும் நடுவே 26 வருஷம். எக்ஸ்டர்னல் சரியாகத்தான் கேள்வி கேட்டார், பதில் எழுதத்தான் இத்தனை வருஷம்! மிக்-21 கடைசியாக ஓய்வு பெற்றது 2025 செப்டம்பர் 26-இல், சண்டிகரில்.

நம்ம ஊர்த் தொழிலுக்கும் இந்தப் பாதுகாப்புக்கும் நேரடியான ஒரு தொடர்பும் இருக்கிறது. பறவைகள்! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கே போனாலும், தோலிலிருந்து வழித்தெடுத்த கழிவைத் திறந்த வெளியில் கொட்டிய இடத்துக்கு மேலே பருந்துகள் வட்டமடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். பருந்தின் எடை 800 கிராம். தாழப் பறக்கும் போர் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 250 மீட்டர். அரை எம் வி ஸ்கொயர் போட்டால் 25,000 ஜூல். 100 கிலோ மூட்டையை எட்டு மாடி உயரத்திலிருந்து கண்ணாடி மேல் போட்ட மாதிரி. அதனால்தான் 1937-ஆம் வருஷத்து விமான விதிகளில் 91-ஆம் விதி, விமானத்தளத்தின் மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பிராணிகளை வெட்டித் தோலுரிப்பதையும், பறவைகளை இழுக்கும் குப்பை கொட்டுவதையும் தடுத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவை ஆய்வாளர்கள் 1980-களிலேயே நம் விமானத்தளங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2019 ஜூனில் அம்பாலாவில் ஒரு ஜாகுவார் கிளம்பியதுமே பறவை மோதியது. விமானி எரிபொருள் டேங்குகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டுப் பத்திரமாக இறக்கினார். தளத்துக்குள் புல்லை வெட்டலாம், பட்டாசு வெடித்து விரட்டலாம். மதிலுக்கு வெளியே குப்பை கொட்டுபவனை எந்த ஏர் மார்ஷல் பிடிப்பது? அது பஞ்சாயத்தும் நகராட்சியும் நாமும் பார்க்க வேண்டிய வேலை.

வெளிநாட்டில் எப்படி? பிரிட்டனின் நிம்ராட் கதை நமக்கு ஒரு பாடமே வைக்கலாம் போல இருக்கிறது. நம்ம அரக்கோணம் டியு-142 போலவே அதுவும் கடல் ரோந்து விமானம். 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில் காந்தஹார் அருகே, நடுவானில் எரிபொருள் நிரப்பிய சில நிமிஷத்தில் ஒரு நிம்ராட் தீப்பிடித்து விழுந்தது. 14 பேரும் இறந்தார்கள். வெளியேறிய எரிபொருள், சூடான காற்றுக் குழாயில் பட்டுப் பற்றிக்கொண்டது. வழக்கறிஞர் சார்லஸ் ஹாடன்-கேவ் விசாரித்து 2009-இல் அறிக்கை கொடுத்தார். அதில்தான் விஷயம். இந்த விமானத்தில் என்னென்ன ஆபத்து இருக்கிறது, அதற்கு என்ன செய்திருக்கிறோம் என்று சில வருஷம் முன்புதான் பெரிய கம்பெனிகளை வைத்துக் கத்தை கத்தையாகப் பாதுகாப்பு ஆவணம் தயாரித்திருந்தார்கள். ஆனால் அதில் 40 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆபத்துகள் முடிவு எழுதப்படாமலே இருந்தன. 30 சதவீதத்துக்கு மேல் வகைப்படுத்தவே இல்லை. முப்பது வருஷம் பறந்த விமானம், பத்திரமாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் முன்கூட்டியே நினைத்துக்கொண்டு பேப்பரை நிரப்பியிருக்கிறார்கள். தயாரித்தவர் சரிபார்ப்பவரை நம்பினார், சரிபார்ப்பவர் தயாரித்தவரை நம்பினார். சாட்சாத் ரெக்கார்டு நோட்டு வேலைதான்! அதற்குப் பிறகு 2010 ஏப்ரல் 1 முதல் பிரிட்டன் முப்படைக்கும் சேர்த்து ராணுவ விமானப் போக்குவரத்து ஆணையம் ஒன்றை அமைத்தது. ஒவ்வொரு விமான வகைக்கும் 'இதில் உயிர் போனால் நான் பொறுப்பு' என்று பெயர் சொல்லி ஓர் அதிகாரியை நிறுத்தியது. நம் நாட்டில் இந்த வேலை படைத் தலைமையகம், செமிலாக், டி.ஜி.ஏ.க்யூ.ஏ. என்று பிரிந்து கிடக்கிறது. இங்கேயும் ஒரே குடைக்கீழ் தனி ஆணையம் வர வேண்டும் என்பது என் கட்சி.

இத்தனை ஏர் மார்ஷலும் ஆணையமும் இருந்தாலும், விமானம் கிளம்புமுன் கடைசியாக அதைத் தொட்டுப் பார்ப்பவர் ஒரு டெக்னீஷியன். ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு இருக்கிறது. எஞ்சின் பார்த்தவர், எலெக்ட்ரிக்கல் பார்த்தவர், எரிபொருள் நிரப்பியவர் என்று ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போட்ட பிறகே விமானி கையெழுத்துப் போட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைத்திருந்தால், வேலை செய்யாத இன்னொருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பேனர் எண்ணப்படும். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும் வரை விமானம் நகராது. அந்த டெக்னீஷியன் யார் தெரியுமா? நம்மில் ஒருவராகவே இருக்கலாம். அக்னிவீர் வாயு தேர்வுக்கு மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல் போன்ற பிரிவுகளில் மூன்று வருஷ டிப்ளமோவும் தகுதிதான். நம் வகுப்பிலேயே நாலு பேர் ஃபார்ம் போட்டிருக்கிறார்கள்.

அவர்களுக்காக என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. டிரெயினிங்குக்காக ஒரு டேனரியின் பாய்லர் ரூமில் இருந்தேன். மணிக்கொரு முறை தண்ணீர் மட்டமும் பிரஷரும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். முந்தைய ஷிப்டில் யாரோ மொத்தமாக எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, நானும் மதியம் இரண்டு மணிக்கே ஆறு மணி வரைக்கும் 'பாதி கிளாஸ்', 'பாதி கிளாஸ்' என்று நிரப்பி, கையெழுத்தும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். எல்லாரும் செய்வதுதானே!

நாலு மணிக்கு ஃபயர்மேன் அண்ணன் வந்தார். பழக்கதோஷம், கேஜ் கிளாஸைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி மூடினார். உடனே ஏற வேண்டிய தண்ணீர் ஏறவில்லை. குழாயில் அடைப்பு. கிளாஸ் காட்டியது பாதி, உள்ளே இருந்தது அதைவிட எவ்வளவோ கீழே. மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் நெருப்பை நிறுத்தினார். சூடு தணிந்த பிறகுதான் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"தம்பி, இப்ப மணி நாலுதானே ஆகுது? ஆறு மணித் தண்ணியை எப்படிப் பார்த்தே?"

நான் தலை குனிந்து நின்றேன். அந்தப் பக்கத்தை அவர் கிழிக்கவில்லை. நான் எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, 'மணி 4.00, கேஜ் கிளாஸ் அடைப்பு, நெருப்பு நிறுத்தியது' என்று எழுதி, பேனாவை என்னிடம் நீட்டினார். "இப்ப கையெழுத்துப் போடு. இது நீ கண்ணால பார்த்தது."